ஏழாம் எண் வீட்டுக்கு மாற்று ஆள்

தலைமைப் பொறுப்பேற்று நடுநாயகமாக வீற்றிருக்கும் முன்னாள் படைவீரர் நலச் சங்கத் தலைவர் அவர்களே! விலாசம் இல்லாமல் வந்து நின்றவர்களுக்கெல்லாம் பத்தாண்டுகளாக விலாசமாக விளங்கும் ஆதரவு இல்லத்தின் பொறுப்பாளர் அம்மையார் அவர்களே! முன்வரிசையில், மனத்தில் இருப்பது முகத்தில் தெரியாமல் அமர்ந்திருக்கும் வீட்டு ஒதுக்கீட்டுக் குழுவின் மதிப்புமிகு உறுப்பினர்களே! பெற்ற பிள்ளையைப் படைக்கு அனுப்பிவிட்டு, தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்தே காலம் கழித்த தாய்மார்களே! இல்லத்தின் இருபத்தாறு அறைகளிலிருந்தும் வந்திருக்கும் முன்னாள் வீரர்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் நல்லவர்களே! மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்துவிட்ட அதைவிட நல்லவர்களே! உங்கள் அனைவரின் முன்னும் பணிந்து நிற்கிறேன். வணக்கம்.

முப்பத்தைந்து ஆண்டுகள் செய்தி எழுதியவனை மேடையில் ஏற்றினால் அவனுக்குச் செய்தி சொல்லத்தான் தெரியும். ஆகவே புதிய செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இன்று சனிக்கிழமை. காலை ஒன்பது இருபதுக்கு, ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் நான்கு மாடிக் குடியிருப்பில், மூன்றாம் மாடியில், ஏழாம் எண் வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு மனிதர் வேலைக்குப் போனார். வீட்டுக்குள் யாரும் இல்லை. இதைச் சொன்னவர் எதிர்வீட்டில் குடியிருக்கும் நர்ஸ் அக்கா. ஒருவர் சொல்லை மட்டும் நம்பி எழுதக் கூடாது என்பது எங்கள் தொழிலின் பாடம். பத்து மணிக்கு நானே அந்த மனிதர் வேலை பார்க்கும் பூச்செடித் தோட்டத்துக்குப் போனேன். குந்தி உட்கார்ந்து தொட்டிகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தார். கண்ணால் பார்த்தேன். செய்தி உறுதி.

என்ன, சிரிக்கிறீர்கள்? "இதெல்லாம் ஒரு செய்தியா?" என்று அங்கே ஓர் அன்பர் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. இந்த மண்டபத்தில் இருக்கும் ஐந்நூறு பேரும் இன்று கதவைப் பூட்டிவிட்டுத்தானே வந்திருக்கிறீர்கள்? உங்களைப் பற்றி யாராவது செய்தி எழுதினார்களா? இல்லையே! அப்படியிருக்க, இவர் பூட்டினால் மட்டும் அது ஏன் செய்தி?

அந்த "ஏன்" என்னை நான்கு மாதம் அலையவிட்டது. அந்த அலைச்சலைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப்போகிறேன்.

அந்த மனிதரை இல்லத்தில் எல்லோரும் "கேட் அண்ணன்" என்பார்கள். வயது ஐம்பத்தெட்டு. படையில் இருபத்திரண்டு ஆண்டுகள். விமானம் ஓட்டியவர் அல்ல, பீரங்கி இழுத்தவர் அல்ல. எரிபொருள் கிடங்கு ஒன்றின் வாசலில் காவல் நின்றவர். மழையில் நின்றார், வெயிலில் நின்றார், பனியில் நின்றார். நின்றதுதான் அவர் வேலை, நின்றதுதான் அவர் வீரம். வெளியே வந்த பிறகு மனைவி போனார், இருந்த வாடகை வீடு போனது, மூன்று ஆண்டுகள் பேருந்து நிலையத்தின் நீல நிற பெஞ்சில் படுத்தார். அங்கிருந்துதான் இந்த அம்மையார் அவரை இல்லத்துக்கு அழைத்து வந்தார்.

இல்லத்தின் முறை உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இல்லத்தில் அறை உண்டு, வாசலில் காவலாளி உண்டு, வேளைக்குச் சாப்பாடு உண்டு. ஆனால் ஐந்தாண்டுக்கு மேல் அங்கே இருக்க முடியாது. அதற்குள் தன் காலில் நிற்கப் பழக வேண்டும். பழகியவருக்கு ஒரு தனிவீடு தருவார்கள். அந்த வீட்டில் தொண்ணூறு நாள் இருந்து காட்டினால் பத்திரம் அவர் பெயருக்கு வரும். இடையில் இல்லத்துக்குத் திரும்பி வந்தால் அந்த முயற்சி தோல்வி. மூன்று முயற்சிதான் விதி.

கேட் அண்ணன் மூன்று முறை போனார். மூன்று முறையும் திரும்பி வந்தார்.

அம்மையார் குழுவிடம் மன்றாடி நான்காவது வாய்ப்பு வாங்கினார். குழு ஒரு நிபந்தனையோடு தந்தது: இதிலும் திரும்பி வந்தால் வீட்டுப் பட்டியலிலிருந்து பெயர் நீங்கும். இல்லத்தில் அவருடைய ஐந்தாண்டு இந்த வருடக் கடைசியோடு முடிகிறது. அதற்கப்புறம் என்ன? மறுபடியும் அந்த நீல பெஞ்சுதான். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இந்த நேரத்தில்தான், இல்லத்தின் பத்தாம் ஆண்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுத நான் அங்கே போனேன். பதிவேட்டைப் புரட்டினேன். மூன்று பதிவுகள் கண்ணில் பட்டன. முதல் முறை, நான்காம் நாள் திரும்பினார். காரணம் என்ற கட்டத்தில் "தனிமை". இரண்டாம் முறை, பதினோராம் நாள். காரணம், "சமையல் தெரியாமை". மூன்றாம் முறை, ஆறாம் நாள். காரணம், "அக்கம்பக்கத்துச் சத்தம்".

தனிமைக்கு மருந்தாக ஒரு ரேடியோ கொடுத்திருக்கிறார்கள். சமையலுக்கு இரண்டு மாதப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். சத்தத்துக்கு, மூன்றாம் மாடியில் ஓரத்து வீடாகப் பார்த்து வைத்திருக்கிறார்கள். ரேடியோ பாடியது, அடுப்பு எரிந்தது, அக்கம்பக்கம் அடங்கியது. இந்த முறையாவது தங்குவாரா என்று யாருக்கும் தெரியவில்லை.

அம்மையாரிடம் கேட்டேன். "இந்தக் காரணத்தையெல்லாம் அவரா சொன்னாரு?"

"நான் கேட்டேன், அவர் ஒத்துக்கிட்டாரு" என்றார். "'தனியா இருக்கக் கஷ்டமா இருக்காண்ணே?'ன்னேன். 'ஆமாங்கம்மா'ன்னாரு. அடுத்த தடவ 'சமையல் சரியா வரலையா?'ன்னேன். 'ஆமாங்கம்மா'ன்னாரு. 'பக்கத்து வீட்டுல சத்தமா?'ன்னேன்…"

"'ஆமாங்கம்மா'ன்னாரா?"

அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தாய்மார்களே, இருபத்திரண்டு ஆண்டு படையில் இருந்தவரிடம் ஒரு மேலதிகாரி "இப்படியா?" என்று கேட்டால், அவர் என்ன சொல்லப் பழகியிருப்பார்? நம் கேள்விக்குள்ளேயே பதிலை வைத்து நீட்டினோம். அவர் மரியாதையாக அதைக் கையில் வாங்கி, மரியாதையாக நம்மிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறார்!

சரி. காரணம் பொய்யாக இருக்கலாம், தேதி பொய் சொல்லாது. நான்காம் நாள், பதினோராம் நாள், ஆறாம் நாள். இந்த மூன்று நாளிலும் அந்த வீடுகளில் என்ன நடந்தது? அதைத் தேடிப் போனேன்.

முதல் வீட்டில் அந்த நான்காம் நாள் காலை மின்சார மீட்டர் பார்க்க ஒருவர் போயிருந்தார். அவரைத் தேடிப் பிடித்தேன். கேட்டவுடன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ, அந்த ஆளா! சார், நான் மீட்டர் பாக்க வந்தவன். கதவத் தட்டினேன். தெறந்தாரு. ஷூ போட்டு, சட்டைய இஸ்திரி போட்டு, விறைப்பா நிக்கறாரு. 'வந்துட்டீங்களா'ன்னாரு. ஆமா, வந்துட்டேன்னேன். என்னை வீடு முழுக்கச் சுத்திக் காட்டினாரு. ஜன்னல எண்ணச் சொன்னாரு. எண்ணினேன்."

"ஏன் எண்ணினீங்க?"

"அவர் சொன்ன தோரணை அப்படி சார்! நீங்களா இருந்தாலும் எண்ணியிருப்பீங்க. அப்புறம் ஒரு தாள நீட்டினாரு, கையெழுத்து போட்டேன். சாவிய என் கையில குடுத்துட்டு, ஒரு சல்யூட்டு. விடுவிடுன்னு படியிறங்கிப் போயிட்டாரு. நான் மீட்டரே பாக்கல. அந்தச் சாவிய யார்கிட்ட குடுக்கறதுன்னு தெரியாம அரை நாள் வேலை போச்சு."

இரண்டாம் வீட்டில், பதினோராம் நாள் வந்தவர் ஒரு குழாய்க்காரர். அவருக்கும் அதே கதை. அவர் அந்தத் தாளின் நகலைப் பத்திரமாக வைத்திருந்தார். "எதுக்குக் கையெழுத்து போட்டேன்னு இன்னைக்கு வரைக்கும் பயமா இருக்கு சார், அதான் தூக்கிப் போடல" என்றார். மூன்றாம் வீட்டில், ஆறாம் நாள் வந்தவர் பார்சல் கொண்டுவந்தவர். அதுவும் பக்கத்து வீட்டுப் பார்சல். பக்கத்தில் ஆள் இல்லை என்று இங்கே தட்டியிருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "நான் கையெழுத்து வாங்கப் போனேன் சார். கையெழுத்து போட்டுட்டு வந்தேன்!"

சிரியுங்கள், சிரியுங்கள். நானும் சிரித்தேன், குழாய்க்காரரின் பையிலிருந்து அந்தத் தாளை வாங்கிப் படிக்கும் வரையில்.

கோடு போட்ட தாள். அச்சடித்தது போன்ற கையெழுத்து. "நாற்காலி இரண்டு. அடுப்பு ஒன்று. கட்டில் ஒன்று. ஜன்னல் நான்கு, கண்ணாடியில் உடைசல் இல்லை. தண்ணீர்க் குழாய் மூன்று, அதில் ஒன்று சொட்டுகிறது. என் பொறுப்பில் இருந்த காலத்தில் அசம்பாவிதம் எதுவும் இல்லை." கீழே இரண்டு கட்டம். ஒப்படைத்தவர். ஏற்றுக்கொண்டவர்.

அன்று மாலை நான்கு மணிக்கு, இல்லத்தின் சாப்பாட்டுக்கூடத்தில், டீ நேரத்தில், அம்மையாரும் நானும் அவர் எதிரில் உட்கார்ந்தோம். தாளை மேஜையில் வைத்தேன். இந்த முறை பதிலைக் கேள்விக்குள் வைக்காமல் கேட்க வேண்டும் என்று வழியிலேயே பேசி வைத்திருந்தோம்.

"அண்ணே, இது என்ன தாளு?" என்றார் அம்மையார்.

"டியூட்டி மாத்தற தாளும்மா."

"யாரோட டியூட்டி?"

அவர் அம்மையாரை விநோதமாகப் பார்த்தார். "என்னோடதுதான். வீட்ட என் பொறுப்புல குடுத்தீங்க. மாத்து ஆள் வராம எப்படிம்மா அங்கேருந்து நகர்றது?"

சபையோரே, அந்தக் கூடத்தில் நாற்பது பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மையார் தன் டீயைத் தள்ளி வைத்தார்.

"அப்ப… கடைக்குக் கிடைக்குப் போகலையா?"

"பத்துப் பன்னெண்டு நாளுக்கு வேண்டிய சாமானை மொத நாளே வாங்கி வெச்சுக்குவேன்."

"வெளியிலயே போகல?"

"ஆளில்லாம விட்டுட்டா? அதெப்படிம்மா!"

"மாத்து ஆள் வரும்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. வராம இருப்பாங்களா? கொஞ்சம் லேட்டாகும், அவ்வளவுதான்." சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஒரு தடவ மழையில ரோடு அடிச்சிட்டுப் போயிருச்சு. முப்பத்தோரு மணி நேரம் நின்னேன். வந்துட்டாங்க. அன்னிக்கு ஷூ வேற புதுசு. ரெண்டு காலையும் கடிச்சுடுச்சு."

முப்பத்தோரு மணி நேரம் நின்றதை அவர் வீரமாகச் சொல்லவில்லை. அந்தக் கதையில் அவருக்கு வருத்தம் ஷூவின் மேல்தான்!

நான் மெதுவாகக் கேட்டேன். "பஸ் ஸ்டாண்டுல எப்படிண்ணே இருந்தீங்க?"

"அங்கே நல்லாத் தூங்கினேன் தம்பி. அங்கே எதுவும் என் பொறுப்புல இல்ல. இங்கேயும் தூக்கம் வருது. வாசல்லதான் ஆள் இருக்காரே, நான் டியூட்டில இல்ல."

அம்மையார் அந்தத் தாளைக் கையில் எடுத்தார். "இத ஏன்ணே இத்தனை வருஷமா என்கிட்ட சொல்லல?"

"நீங்க இதக் கேக்கலையேம்மா. தனிமையான்னு கேட்டீங்க. சமையலான்னு கேட்டீங்க."

சபையோரே, ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். மீட்டர் பார்க்க வந்தவரை அவர் மாற்று ஆள் என்று எண்ணினார். குழாய்க்காரரை மாற்று ஆள் என்று எண்ணினார். பார்சல்காரரை மாற்று ஆள் என்று எண்ணினார். கதவு தட்டப்படும் சத்தத்துக்காகச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் காத்திருந்திருக்கிறார். நாம் அதற்கு வைத்த பெயர் தோல்வி. அவர் பதிவேட்டில் அது ஒழுங்காக முடிந்த பணி. மூன்று முறை வீட்டை விட்டு ஓடியவர் என்று நாம் எழுதி வைத்தோம். ஒரு முறைகூட வீட்டைக் கைவிடாதவர் என்பது அந்தத் தாளில் இருந்தது.

இனி என்ன செய்வது? "அண்ணே, வீட்டுக்கெல்லாம் காவல் வேண்டாம்" என்று சொல்லலாம். அம்மையார் சொன்னார். "ஆமாங்கம்மா" என்றார் அவர். அதற்குமேல் அந்தப் பதிலை யார் நம்புவது!

அம்மையார் வேறு வழியில் போனார். மாற்று ஆள் வேண்டும் என்கிறாரா? மாற்று ஆளைத் தேடுவோம் என்றார். மூன்றாம் மாடி ஏழாம் எண் வீட்டுக்கு நேர் எதிரே, எட்டாம் எண் வீட்டில், அரசு மருத்துவமனை நர்ஸ் அக்கா இருந்தார். மதியம் இரண்டு மணிக்குத்தான் அவருக்கு வேலை. காலையெல்லாம் வீட்டில்தான். அம்மையார் போய் விஷயத்தைச் சொன்னபோது அந்த அக்கா ஆச்சரியப்படவே இல்லையாம்.

"இதுல என்னங்க இருக்கு? நாங்க வார்டுல டெய்லி செய்யறதுதானே. அடுத்த ஷிப்ட்டு ஆள் வந்து, ஒவ்வொரு பெட்டா சொல்லி ஒப்படைக்காம நான் என்னிக்காவது வீட்டுக்கு வந்திருக்கேனா?"

நான்காவது முறையாக ஏழாம் எண் வீட்டுக்குக் குடிபோன முதல் நாள் காலை, கேட் அண்ணன் அக்காவிடம் தாளை நீட்டினார். அக்கா அதைச் சும்மா வாங்கிக் கையெழுத்துப் போடவில்லை. ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"குழாய் சொட்டுதுன்னு எழுதியிருக்கீங்க. நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு?"

கேட் அண்ணன் திகைத்துப்போனார். "எண்ணலீங்க."

"எண்ணாம எப்படி நான் எடுத்துக்கறது? கூடுதா குறையுதான்னு எனக்கு எப்படித் தெரியும்? போய் எண்ணிட்டு வாங்க."

எண்ணிவிட்டு வந்தார். பதினான்கு சொட்டு. அக்கா எழுதிக் கையெழுத்திட்டார். கேட் அண்ணன் படியிறங்கினார். கடைக்குப் போனார். ஒரு சோப்பு வாங்கினார். திரும்பி வந்தார். அக்கா வீட்டை முறையாகத் திருப்பி ஒப்படைத்தார். வாங்கிக்கொள்ளவும் திருப்பிக் கொடுக்கவும் மாற்று ஆள் இருந்ததால், போய் வருகிற இடமாக அந்த வீடு அவருக்கு ஆனது. பன்னிரண்டாம் நாள் பூச்செடித் தோட்டத்தில் வேலை கிடைத்தது. காலை ஒன்பதரை முதல் ஒரு மணி வரை. நான்காம் நாள் கடந்தது, ஆறாம் நாள் கடந்தது, பதினோராம் நாள் கடந்தது. நாற்பது நாள் கடந்தது.

நாற்பதாம் நாள், குழு உறுப்பினர் ஒருவர் பார்வையிட வந்தார். அவர் இன்று முன்வரிசையில் இருக்கிறார். அவரை நான் குறை சொல்லப்போவதில்லை. நேர்மையான கேள்வி கேட்டவரை எந்தச் செய்தியாளனும் குறை சொல்ல மாட்டான். அவர் கேட்டார்: "எல்லாம் சரிங்க. ஆனா இது தனியா வாழறதா? அந்தம்மா வீடு மாத்திட்டுப் போயிட்டா என்ன பண்ணுவாரு?"

 நான் குறிப்பேட்டில் கேள்வியை மட்டும் எழுதிக்கொண்டேன்.

ஐம்பத்திரண்டாம் நாள் அந்தக் கேள்வி தானாக வந்து கதவைத் தட்டியது. அக்காவின் தங்கைக்குப் பிரசவம். மூன்று நாள் ஊருக்குப் போக வேண்டும். போகும்போது தன் வீட்டுச் சாவியையும் கேட் அண்ணனிடமே கொடுத்துவிட்டார்.

"என் வீட்டையும் கொஞ்சம் பாத்துக்கங்கண்ணே. தாள் எழுத நேரமில்ல, நம்பிக்கைல எடுத்துக்கங்க."

இப்போது அவர் பொறுப்பில் இரண்டு வீடு. மாற்று ஆள் யாருமில்லை. அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. தோட்டத்துக்காரருக்கு ஃபோன் செய்து லீவு சொன்னார். விஷயம் தெரிந்ததும் அம்மையார் என்னை அழைத்தார். "மறுபடியும் ஆரம்பிச்சுடுச்சு. அடுத்து எவன் கதவத் தட்டறானோ அவன் கையில சாவி."

மறுநாள் காலை பத்தரை மணிக்கு, எட்டாம் எண் வீட்டுக் கதவின் அடியிலிருந்து தண்ணீர் வந்தது.

உள்ளே போய்ப் பார்த்தார். சமையலறைக் குழாயின் இணைப்பு விட்டுப்போயிருந்தது. சுவரில் இருந்த அடைப்பானைத் திருகினார். துருப்பிடித்தது, கையோடு வந்துவிட்டது. மொட்டை மாடித் தொட்டியை மூட வேண்டும். அதன் சாவி குழாய்க்காரரிடம். ஆமாம், அதே குழாய்க்காரர்தான். அந்தப் பகுதிக்கே அவர் ஒருவர்தான். ஃபோன் செய்தார். எடுக்கவில்லை. கடை இரண்டு தெரு தள்ளி.

இரண்டு கதவுக்கும் நடுவில், படிக்கட்டின் தலைமாட்டில், அவர் நின்றார். இருபத்திரண்டு ஆண்டு நின்ற மனிதர். நிற்பது ஒன்றையே கடமையாகக் கற்ற மனிதர். நின்றால் எதிர்வீடு மூழ்கும். போனால் இரண்டு வீடும் ஆளில்லாமல் கிடக்கும். கூப்பிட ஆளில்லை, கேட்க அதிகாரி இல்லை, வர மாற்று ஆள் இல்லை.

"எவ்வளவு நேரம்ணே நின்னீங்க?" என்று பிறகு கேட்டேன்.

"நேரம் தெரியல தம்பி. தண்ணி ரெண்டாவது படிக்கு வந்துச்சு."

எட்டாம் எண்ணைப் பூட்டினார். ஏழாம் எண்ணைப் பூட்டினார். இரண்டு பூட்டையும் இழுத்துப் பார்த்தார். இறங்கினார். நடந்தார்.

கடை வாசலில் அவரைக் கண்டதும் குழாய்க்காரர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாராம். "அண்ணே, காலில வேணா விழறேன்! இந்த தடவ எதுலயும் கையெழுத்து போட மாட்டேன்!"

"கையெழுத்து வேணாம்யா. ஸ்பேனர எடு!"

பதினேழு நிமிடத்தில் இருவரும் திரும்பி வந்துவிட்டார்கள். எனக்கு இந்தக் கணக்கைத் தந்தது, பூட்டும்போதும் திறக்கும்போதும் அவர் பார்த்த கைக்கடிகாரம். கேட் அண்ணன் முதலில் இரண்டு பூட்டையும் பார்த்தார். போட்டது போட்டபடி இருந்தது. தொட்டி மூடப்பட்டது, குழாய் மாற்றப்பட்டது, தரை துடைக்கப்பட்டது.

ஊரிலிருந்து திரும்பிய அக்காவிடம் அவர் ஒரு தாளை நீட்டினார். "எட்டாம் எண் வீடு. குழாய் ஒன்று, புதியது. சொட்டு இல்லை. ஆள் இல்லாமல் பூட்டியிருந்த நேரம் பதினேழு நிமிடம்." கீழே இரண்டு கட்டம். இரண்டிலும் ஒரே கையெழுத்து.

"என்னண்ணே இது, ரெண்டு பக்கமும் நீங்களே போட்டிருக்கீங்க?"

"போனதும் நான்தான், வந்ததும் நான்தான். போறப்போ பாத்தேன், சரியா இருந்துச்சு. வந்து பாத்தேன், சரியா இருந்துச்சு. அப்ப வேற யாரு போடறது?"

கைதட்டுகிறீர்கள். நன்றி. ஆனால் அந்தக் கைதட்டல் எனக்கு வேண்டாம், சேர வேண்டியவர் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். திரும்பித் தேடாதீர்கள்! எங்கே என்று நான் சொல்லப்போவதில்லை. கதையைச் சொல்ல அனுமதி தந்தார். தன்னைக் காட்ட அனுமதி தரவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அவர் இங்கே இருக்கிறார் என்றால், இந்த நிமிடம் ஏழாம் எண் வீட்டில் யார் இருக்கிறார்கள்? ஒருவரும் இல்லை! வீடு வீடாக இருக்கிறது, அவர் மனிதராக இங்கே உட்கார்ந்து நம் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்!

ஐம்பத்தைந்தாம் நாள் முதல் அவர் அக்காவிடம் தாள் நீட்டவில்லை. தானே எழுதுகிறார், தானே கையெழுத்திடுகிறார். அக்காவுக்குத்தான் வருத்தம். "என்னைக் கேக்கறதே இல்ல சார். நானா கதவத் தொறந்து 'அண்ணே, வீட்ட பாத்துக்கட்டுமா?'ன்னா, 'பாத்துக்கங்களேன்'னுட்டு அவர் பாட்டுக்குப் போறாரு!"

முன்வரிசைப் பெரியவரே, நீங்கள் கேட்டீர்களே, எதிர்வீட்டு அம்மா இல்லாவிட்டால் என்ன செய்வார் என்று? அந்தம்மா இல்லாதபோது அந்தம்மாவின் வீட்டையே காப்பாற்றினார். இனி நான் உங்களைக் கேட்கலாமா? உங்களை மட்டுமல்ல, இங்கே இருக்கும் எல்லோரையும். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சொல்லாமல் போனவர் உங்களில் யார்? "கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொல்லாமல் ஒரு நாளாவது வாழ்ந்தவர் யார்? நம்மை யாராவது "தனியாக வாழத் தெரியாதவர்" என்று பதிவேட்டில் எழுதினார்களா?

இவர்களை வாசலில் நிறுத்தினோம். நில் என்றோம், நின்றார்கள். காத்திரு என்றோம், காத்திருந்தார்கள். பணி முடிந்த நாளில் பெட்டியைக் கையில் கொடுத்தோம், வாசலைக் காட்டினோம். "போதும் ஐயா, இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று அந்த நாளில் யார் சொன்னோம்? ஒப்படைத்தவர் கட்டத்தில் அவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஏற்றுக்கொண்டவர் கட்டத்தில் யார் போட்டோம்? நாடு போட்டதா? ஊர் போட்டதா? நீங்கள் போட்டீர்களா? நான் போட்டேனா? சொல்லுங்கள்!

நான்கு சுவரையும் ஒரு கூரையையும் கொடுத்தோம், நல்லதுதான். அதிலிருந்து வெளியே போய் வரலாம் என்பதையும் யாராவது சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அதற்கு முதலில், "ஏன் திரும்பி வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும் வரையில் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். அவ்வளவுதான் நான் கற்றது.

இனி, உறுதியாகாதவை.

இன்று எண்பத்தொன்றாம் நாள். தொண்ணூறாம் நாள் வரும் திங்கள் அல்ல, அதற்கடுத்த திங்கள். அன்று காலை பதினொரு மணிக்கு ஒதுக்கீட்டுக் குழு கூடுகிறது. உறுப்பினர் ஐவர். பத்திரம் அவர் பெயருக்கு வர மூவர் சம்மதம் வேண்டும். இருவர் ஆதரவு என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர், "மூணு தடவ திரும்பினவர். இன்னும் ஒரு வருஷம் பாக்கணும்" என்று சொல்லியிருக்கிறார். மற்ற இருவரும் இதுவரை எதுவும் சொல்லவில்லை. இன்று மாலை மேடைக்கு ஏறும் முன்பும் கேட்டேன், சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை ஆதரவு என்று எழுத எனக்கு உரிமை இல்லை. பதிவேட்டில் "காரணம்" என்ற சின்னக் கட்டத்தை எடுத்துவிட்டு, அவரவர் சொல்வதை அவரவர் சொல்லிலேயே எழுத ஒரு முழுப்பக்கம் விட வேண்டும் என்று அம்மையார் கேட்டிருக்கிறார். அதுவும் அன்றைய கூட்டத்தில்தான் முடிவாகும். தீர்மானம் மாலை நான்கு மணிக்கு இல்லத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் என்று குழுவின் செயலாளர் உறுதி சொல்லியிருக்கிறார்.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், இடையிடையே பதில் சொல்லி எனக்குத் துணை நின்ற சுவரோர நண்பர்களுக்கும், குரல் கம்மியபோது தண்ணீர் நீட்டிய தாய்க்கும், இத்தனை நேரம் ஒலிபெருக்கியைக் கீச்சிடவிடாமல் காத்த தொழிலாளிக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. அந்தத் திங்கள்கிழமை நான்கு மணிக்குப் பலகையின் முன் நான் நிற்பேன். வர முடிந்தவர்கள் வாருங்கள். வணக்கம்.